உப்புப் பூத்த சட்டி

1973-ஆம் வருடம், கத்திரி வெயில் தொடங்கிய நாள் காலையில், தாவீது சார் ஒரு மண்சட்டியோடு பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்கு வந்தார்.

சட்டியில் ஒரு மரம் இருந்தது. உயரம் ஒரு சாண். ஆனால் செடி இல்லை, மரம்தான். தடித்த தண்டு, கிளைகள், சீப்புப் பல் போன்ற இலைகள், எல்லாம் இருந்தன.

“பேரு ரெட்வுட். கப்பல்ல வேலை செய்ற எங்க அண்ணன் அமெரிக்காவுலேர்ந்து கொண்டாந்தது. காட்டுல வளந்தா உலகத்துலயே உயரமான மரம் இது. சட்டியில வெச்சி, கிளைய வெட்டி வெட்டி, சின்னதாவே வளக்குறேன். போன்சாய்னு சொல்லுவாங்க” என்றார் சார். “லீவுக்கு ஊருக்குப் போறேன். பஸ் ஆட்டத்துக்கு இது தாங்காது. பள்ளிக்கூடம் தொறக்குற வரைக்கும் பாத்துக்கிறியா, சந்திரா?”

சந்திரகலா இரண்டு கைகளாலும் சட்டியை வாங்கிக்கொண்டாள். பள்ளித் தோட்டத்துக்கு யாரும் சொல்லாமலே தண்ணீர் ஊற்றுகிற பெண் அவள்.

“உயிரோட திருப்பித் தரேன் சார்.”

தம்பி மணவாளன் குனிந்து பார்த்தான். “இதுவா உசரமான மரம்? நம்ம ஊட்டுக் கோழி தாண்டிடும்.”

கோழி அன்று மாலையே தாண்டியது.

குப்பத்தில் நல்ல தண்ணீர் அருமை. மணல்மேட்டுக்கு அப்பால் ஊற்றுத் தோண்டி, குடத்தில் சுமந்து வர வேண்டும். சந்திரகலா தான் குடிக்கும் தண்ணீரில் பாதியை மரத்துக்கு ஊற்றினாள். இலைகளின் மேலும் தெளித்தாள்.

அப்படியும் இலை நுனிகள் கருகின. நிழலில் வைத்தாள். இன்னும் கருகின.

“சாரு வந்து கேட்டா இன்னா சொல்லுவ?” என்றான் மணவாளன். “கோழி தின்னுடுச்சின்னு சொல்லிடு.”

அவள் கருகிய நுனிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

ஒரு நாள் சட்டியைத் திருப்பி வைக்கும்போது பார்த்தாள். சட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“அய்ய, ஆடு மாதிரி நக்குறா பாரு!”

“உப்புடா!”

நல்ல தண்ணீர்தானே ஊற்றினோம்? உப்பு எப்படி வந்தது?

அன்று மாலை விடை கிடைத்தது. அம்மா கோவிந்தம்மா ஏரித் தண்ணீரில் மீன் கழுவினாள். கடல் கலக்கும் ஏரி அது. கழுவிய தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றினாள். மீதியைச் சட்டியில் மெதுவாகச் சாய்த்தாள்.

“குடி, ராசா.”

“அம்மா!”

“இன்னாடி கத்துற? மீன் தண்ணி ஊத்தித்தான் தென்ன கொல கொலயாக் காய்க்குது. இதுவும் வாடிக் கெடக்கேன்னு தெனமும் ஊத்துறேன்.”

சந்திரகலா சட்டியைக் காட்டினாள். அம்மாவும் தொட்டுச் சுவைத்தாள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

“நாந்தான் சாவடிச்சிட்டனா?”

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சந்திரகலாவின் கோபம் போய்விட்டது. “இல்லம்மா. இது வெளியூர் விருந்தாளி. நம்மூட்டுச் சாப்பாடு ஒத்துக்கல.” கொஞ்சம் யோசித்தாள். “அம்மா, கருவாட்டுல உப்பு தூக்கலா இருந்தா இன்னா பண்ணுவ?”

“நல்ல தண்ணியில அலசி அலசி ஊத்துவேன்.”

“அதேதான்!”

குடத்தை எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடினாள்.

சட்டி நிறைய ஊற்றினாள். அடியில் இருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வடிந்தது. ஒரு சொட்டு எடுத்துச் சுவைத்தாள். கரித்தது. மறுபடி ஊற்றினாள். மறுபடியும் கரித்தது. குடம் காலியானது.

திரும்பிப் பார்த்தாள். மணவாளன் இன்னொரு குடத்தோடு மூச்சு வாங்க நின்றான்.

“ஊத்துறது நீ. நக்கிப் பாக்குறது நானு.”

நடந்து நடந்து கால் கடுத்தது. கடைசியில் மணவாளன் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

“உப்பு இல்லக்கா!”

பழைய வலை ஒன்றையும் உப்புப் போக அலசினார்கள். நாலாக மடித்து, குச்சி நட்டு, மரத்துக்கு மேலே பந்தல் போட்டார்கள். மத்தியானத்தில் அதை நனைத்தார்கள். கீழே குளுகுளுவென்று இருந்தது. கோழி வந்து படுத்துக்கொண்டது.

ஆனால் இலைகள் எல்லாம் உதிர்ந்தன. வெறும் குச்சி நின்றது.

“போதும்டி” என்றாள் அம்மா. “சாரு கிட்ட நானே வந்து சொல்றேன்.”

சந்திரகலா நிறுத்தவில்லை. காலையில் தண்ணீர், மத்தியானம் பந்தல், மாலையில் தெளிப்பு.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது வீடே அதிர ஒரு கூச்சல் கேட்டது.

“யம்மா! அக்கா! ஓடியாங்க!”

மணவாளன் சட்டியின் முன்னால் குப்புறப் படுத்திருந்தான். தண்டின் அடியில் பச்சைப் புள்ளி ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மேலே, செத்தது என்று நினைத்த கிளையிலும் ஒன்று.

பள்ளி திறந்த நாள் அம்மா தன் சும்மாட்டைச் சுருட்டி மகள் தலையில் வைத்தாள். அதன் மேல் சட்டியைத் தூக்கி வைத்தாள். மீன் கூடை சுமக்கும் சும்மாடு. இன்று அதன் மேல் உலகத்திலேயே உயரமான மரம் போனது.

வலை உலர்த்தியவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மணவாளன் முன்னால் நடந்தான்.

“தள்ளுங்கடா, தள்ளுங்க! எங்க ஊட்டு மரம் வருது!”

பள்ளி வாசலில் நின்ற தாவீது சார் அவர்களைப் பார்த்தார். மொட்டைக் கிளைகளைப் பார்த்தார். பிறகு பச்சையைப் பார்த்தார். ஒரு செருப்பு கழன்றதைக்கூடக் கவனிக்காமல் ஓடிவந்தார்.

“துளிரு! அடியிலேர்ந்து துளிர் வுட்டிருக்கு!”

சந்திரகலா சட்டியைத் தலையிலிருந்து இறக்கி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். மணவாளன் அவள் பாவாடையை மெல்ல இழுத்தான்.

“அக்கா, சாரு கையில நான் குடுக்கட்டா?”