வலது பக்கம் மினுங்கிய விளக்கு

"சைமி, கேஜைப் பாரு. எவ்வளவு காட்டுது?"

"ரெண்டரை, அப்பா. போன தடவையும் ரெண்டரைதான். அதுக்கு முந்தியும் ரெண்டரைதான்."

பத்து வயது சைமி பெட்ரோல் பங்கின் ஓரத்தில், பனியில் மண்டியிட்டிருந்தாள். அவளுடைய அப்பா ரெய்யோ, காரின் வலது முன்சக்கரத்துக்கு மூன்றாவது முறையாகக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கோட்டுக்குள் கல்யாணத்துக்குப் போட்ட கழுத்துப்பட்டை கோணியிருந்தது.

மணி ஒன்று பத்து. கல்யாணம் இரண்டு மணிக்கு. தேவாலயமோ ஏரிக்கு அந்தப் பக்கம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி.

கல்யாணப் பெண் பின்சீட்டில் இருந்தாள். அப்பாவின் தங்கை, ஹில்லா அத்தை. வெள்ளைக் கல்யாண உடை, காலில் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, மடியில் பூங்கொத்து.

அத்தை கண்ணாடியை இறக்கினாள். "அண்ணா, நான் இறங்கித் தள்ளட்டுமா? இல்ல, ஓட்சோவை இங்கேயே வரச் சொல்லிடவா? பங்க்லயே கல்யாணம் பண்ணிக்கிறோம். காபியும் கிடைக்கும்."

"கண்ணாடியை ஏத்து. சளி பிடிச்சுக்கும்."

அப்பா வண்டியைக் கிளப்பினார். பங்க்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னக் கார் படத்தில், வலது முன்சக்கரம் மஞ்சளாக மினுங்கியது. காற்று குறைவு. அதே சக்கரம். அதே மினுங்கல்.

"சக்கரத்துக்குள்ள இருக்கிற சென்சார் பொய் சொல்லுது" என்றார் அப்பா. "ஆனது ஆகட்டும், போவோம். வா, ஏறு."

சைமி ஏறவில்லை. ஏரியை ஒட்டிய சாலையில் வளைவுகள் அதிகம். நேற்று இரவு விழுந்த பனி இன்னும் வழித்து முடிக்கப்படவில்லை. காற்றில்லாத சக்கரத்தோடு அங்கே போனால்?

"அது பொய் சொல்லலேன்னா, அப்பா?"

"கேஜ் ரெண்டரை காட்டுதே."

"இந்தச் சக்கரம் நல்லாதான் இருக்கு. வேற சக்கரத்தைச் சொல்லுதோ என்னவோ."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். சைமி வேகமாகப் பேசினாள்.

"எங்க கிளாஸ்ல ஒரு நாள் நானும் எல்லியும் இடம் மாறி உட்கார்ந்தோம். டீச்சருக்குத் தெரியாது. எல்லி பேசினதுக்கு என்னைத் திட்டினாங்க. போன குளிர்காலத்துல எந்தச் சக்கரம் எங்க இருந்துச்சோ, அதைத்தானே கார் ஞாபகம் வச்சிருக்கும்? நீங்க போன வாரம் இந்தப் பனிக்காலச் சக்கரங்களைத் திரும்ப மாட்டும்போது இடம் மாறியிருந்தா?"

"மாறவே மாறாது. கழட்டும்போதே ஒவ்வொண்ணுலயும் எந்த இடம்னு எழுதியிருக்கு. பார்த்துப் பார்த்துத்தான் மாட்டினேன்."

சைமி செல்போன் வெளிச்சத்தைச் சக்கரக் கம்பிகளுக்குள் அடித்தாள். உள்விளிம்பில் வெள்ளை மையில், உருண்டை எழுத்தில் இருந்தது: வலது, முன்.

அப்பா சொன்னது சரிதான். ஆனால் எழுதினவர் எங்கே நின்று எழுதினார்?

அவள் ஓடிப்போய்க் காருக்கு எதிரே, முகப்பு விளக்குகளைப் பார்த்து நின்றாள். வலது கையைத் தூக்கினாள். அது ஓட்டுநர் பக்கத்தைக் காட்டியது. அந்த ஊர்க் கார்களில் ஓட்டுநர் உட்காருவது இடது பக்கம்.

"அப்பா, ஏப்ரல்ல கழட்டும்போது இதுல எழுதினது யாரு? இப்படி எதிர்ல நின்னுல்ல எழுதியிருக்காங்க. அப்போ இடதும் வலதும் மாறிடுச்சு, காத்து போறது இடது சக்கரத்துல!"

அப்பா வாயைத் திறந்தார். பின்சீட்டை ஒரு கணம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"அதை அப்புறம் சொல்றேன்."

"அண்ணா, இடது வலது தெரியாமதான் இத்தனை வருஷமா வண்டி ஓட்டுறியா?" என்று பின்சீட்டிலிருந்து சிரிப்பு வந்தது.

அப்பா கோணிய கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சைமி அதற்குள் பங்க்கில் கண்ணாடி துடைக்க வைத்திருந்த வாளியைத் தூக்கி வந்துவிட்டாள். சோப்பு நுரையோடு இருந்த பஞ்சை இடது முன்சக்கரத்தின் வால்வு மேல் பிழிந்தாள்.

மூவரும் பார்த்தார்கள்.

ஒரு குமிழி. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு வால்வின் வாய் முழுக்கக் குமிழிகள் பொங்கின.

கேஜை வைத்தார்கள். ஒன்றே முக்கால்.

அப்பா காதைச் சொறிந்தார். "புது டயர் மாட்டும்போதே கடைக்காரர் சொன்னார். சென்சார் வால்வுக்குள்ள இருக்கிற பின்னு பழசு, அதையும் மாத்திடுங்கன்னு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னேன். கேக்காம ஒரு பொட்டலத்தைக் கையில திணிச்சார்."

"எங்க அது?"

பொட்டலம் முன்சீட்டுப் பெட்டிக்குள், மிட்டாய்க் காகிதங்களுக்கு அடியில் கிடந்தது.

கல்லாவில் இருந்த பிர்க்கோ அம்மா ஒரு குட்டிச் சாவியோடு வந்தாள். "தள்ளுங்க. அந்தச் சட்டையோட நீங்க இதைத் தொட்டீங்கன்னா, கல்யாண போட்டோவில மெக்கானிக் மாதிரி இருப்பீங்க."

பழைய பின்னைக் கழற்றியதும் மீதிக் காற்று புஸ்ஸென்று போனது. புதுப் பின். காற்று. மறுபடி சோப்பு.

ஒரு குமிழிகூட இல்லை.

"யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள் பிர்க்கோ அம்மா. அப்பா சைமியைக் காட்டினார். ஒரு சூடான இலவங்கப்பட்டை ரொட்டி சைமியின் கைக்கு வந்தது.

கார் கிளம்பியது. சைமி ரொட்டியைக் கடிக்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மினுங்கியது. இன்னும் மினுங்கியது. ஏரிப் பாலத்தின் நடுவில், சத்தமே இல்லாமல் அணைந்தது.

பின்சீட்டில் அத்தை கைதட்டியதில் பூங்கொத்திலிருந்து இரண்டு இதழ்கள் உதிர்ந்தன.

இரண்டு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது அத்தை தேவாலயத்துக்குள் நுழைந்தாள். பாதிரியார் பேசினார். மோதிரத்தோடு ஓட்சோ காத்திருந்தார்.

அத்தை கையை நீட்டினாள்.

ஓட்சோ மோதிரத்தைப் போடவில்லை. குனிந்து மெல்லச் சொன்னார். அமைதியில் அது முதல் வரிசைவரை கேட்டது.

"அது வலது கை, ஹில்லா. இடது கையைக் குடு."

சைமிக்குக் காலையில் சமையலறையில் நடந்தது ஞாபகம் வந்தது. கல்யாண ஆட்டத்துக்கு எதிரெதிரே நின்று பழகியபோது, அத்தை ஏழு முறை சைமியின் காலை மிதித்திருந்தாள். கல்யாண அழைப்பிதழ் உறையில் இருந்த உருண்டை எழுத்துகளும் ஞாபகம் வந்தன.

அவள் மெல்ல அப்பா பக்கம் திரும்பினாள். அப்பாவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தன.

"அத்தையா?"

"அவளேதான்" என்று கிசுகிசுத்தார் அப்பா. "நான் சக்கரத்தைக் கழட்டினேன். அவ எதிர்ல நின்னு எழுதினா."