அக்கரைக் காரியம்

துவைக்காமல் கொடு என்று தங்கை கேட்டதுதான் பிஷ்ணாவை உறுத்திக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்குப் போட்டுப்போக அக்காவின் கம்பளி அங்கியை இரவல் கேட்கிறவள், "சோப்பு போட்டுடாதக்கா, உன் வாசனையோடவே இருக்கட்டும்" என்பாளா? காய்ச்சலோடு தாய்வீட்டில் கிடந்தவளுக்கு அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை. காளி நதிக்கு அந்தப் பக்கம், நேபாளத்தில், அவள் புருஷன் மான்சிங்குக்கு இப்போது சோறாக்கிப் போடுகிறவள் தங்கை கங்கிதான். கேட்கிறாளே என்று வெள்ளை முக்காட்டையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினாள்.

பொழுது சாயும்போது அக்கரையில் மேளம் தொடங்கியது. நதியின் இரைச்சலுக்கு அடியில், தேவதாருப் புகையோடு கலந்து, மெதுவாக வந்தது. கல்யாண அடி இல்லை. இரு கரையிலும் ஒரே ஜனம், ஒரே மேளம். சாவுக்கு அடிப்பது எதுவென்று குழந்தைக்கும் தெரியும்.

தொங்குபாலத்துக்கு ஓடினாள். காவல்காரர் குனிந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அங்க யாரு செத்தது?"

"மான்சிங் சம்சாரமாம். காய்ச்சல்ல போயிட்டாளாம், பாவம்."

"நான்தாண்ணா மான்சிங் சம்சாரம்!"

சிரித்துக்கொண்டே திரும்பினார். அவள் நின்ற இடத்தில் யாரையோ தேடினார். சிரிப்பு போய்விட்டது. சாவியைக்கூட எடுக்காமல் விறுவிறுவென்று நடந்தார்.

கம்பி வழியே பார்த்தாள். அக்கரை மணலில் ஒரு செம்மறியாடு. உடம்பில் அவள் அங்கி. கொம்பில் அவள் முக்காடு. செத்தவர் உயிரை ஆட்டில் இறக்கி, வயிறாரப் படைத்து, மலைக்கு விரட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்தான். மூச்சிருக்கிறவளுக்கு எவரும் செய்ததில்லை. பாவி! கூடப் பிறந்தவள்!

கங்கி ரொட்டியை ஆட்டுக்கு ஊட்டினாள். அவ்வளவு இரைச்சலிலும் அவள் குரல் பிஷ்ணாவின் காதோரம் கேட்டது.

"சாப்பிட்டுட்டுக் கெளம்புக்கா. இனி இவரை நான் பாத்துக்கறேன்."

வாயில் ரொட்டி. உப்பு. வெண்ணெய். துப்பினாள். எதுவும் விழவில்லை.

"ஏங்க! இங்க பாருங்க! இருக்கேங்க நான்!"

மான்சிங் நிமிர்ந்தான். பார்த்தான். அவளைத்தான்.

ஆடு நகர மறுத்தது. அவன் கல்லெடுத்து அதன் நெற்றிக்கு வீசினான். பிஷ்ணாவின் கண்ணுக்குள் சூடாக ரத்தம் இறங்கியது.

அவள்மேல் வைத்த பார்வையை எடுக்காமலே அவன் கையை நீட்டினான். கங்கி அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தாள்.