குச்சி மனிதனுக்கு வந்த நடை

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தச் சின்னப் பட்டறையின் ஆபீஸ் அறைக்குள் நுழைந்து, வழக்கம்போலப் பையை மாட்டிவிட்டு உட்கார்ந்தாள் ரேவதி. கள்ளிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் நின்றே வந்த கால்கள் விண்விண்ணென்று வலித்தன. கம்ப்யூட்டரில் குச்சி மனிதன் காத்திருந்தான்.

பில் போடுகிறவளை அனிமேஷன் கலைஞராக்கியவர் முதலாளி ஸ்ரீகாந்த். தொழிலாளர் பாதுகாப்பு பற்றிப் பேச மைக் கிடைத்தால் கண் கலங்கிவிடுவார். வேகம் குறைகிறதென்று, தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் கை போகாமல் தடுக்கும் கம்பிவலையைக் கழற்றச் சொன்னவரும் அவர்தான். வலையில்லாத அந்த மெஷினில் போன மாதம் கோவிந்தராஜ் செத்துப்போனார். நாளை விசாரணைக்கு அதிகாரி வருகிறார்; விபத்து எப்படி நடந்தது என்று அவருக்குக் காட்ட ஒரு படம் கேட்டிருந்தார் ஸ்ரீகாந்த்.

"ஒருத்தன் வர்றான், கவனமில்லாம கையை விடறான், முடிஞ்சுது. குச்சி மனுஷன்தானேம்மா? என் பொண்ணு யுகேஜியிலயே போட்டா!"

அதிகாரி அதை நம்பினால் கோவிந்தராஜின் மனைவி முனியம்மாவுக்கு நஷ்டஈடு இல்லை. படம் போடாவிட்டால் ரேவதிக்கு வேலை இல்லை.

வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினாள். முதலில் அவன் நடக்கவே இல்லை, எண்ணெயில் வழுக்கினான். பிறகு முட்டியை மடக்கக் கற்றாள். கால் ஊன்றும்போது தலை இறங்க வேண்டும் என்று கற்றாள். முந்தைய படம் அடியில் மங்கலாகத் தெரியும்; அதைப் பார்த்து அடுத்ததைச் சற்றே நகர்த்தி வரைய வேண்டும். எல்லாம் செய்தும் உடம்புக்குக் கனம் மட்டும் வரவில்லை. கொடியில் ஆடும் சட்டை மாதிரிதான் நடந்தான்.

இன்று ஓட்டிப் பார்த்தாள்.

வலது கால் தாமதமாக ஊன்றியது.

அவள் அப்படி வரையவில்லை.

அழித்துவிட்டு வரைந்தாள். மறுபடியும் தாமதம்.

டீ டம்ளரோடு எட்டிப் பார்த்த பிரஸ் ஆபரேட்டர் மோகனின் குரல் இறங்கியது. "இன்னாக்கா... நம்ம கோவிந்தராஜ் அண்ணாத்தே நடைய அப்டியே போட்டுக்கீறே?"

"நான் போடலடா."

"பின்னே யாரு?"

சாப்பாட்டு நேரம். ஒரு மெஷினும் ஓடவில்லை. ஆனாலும் சூடேறிய எண்ணெய் வாடை அறைக்குள் மெல்லப் பரவியது.

அடுத்த படத்துக்கு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். அடியில் மங்கலாகத் தெரிந்தது முந்தைய படமல்ல. அவள் இன்னும் வரையாத படம். அதில் குச்சி மனிதன் மெஷின் முன்னால் நின்று, கம்பிவலை இருக்க வேண்டிய இடத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தான்.

பயப்படவும் தெம்பு வேண்டுமே. ரேவதி அந்த மங்கல் கோட்டின் மேலேயே கோடு இழுத்தாள்.

மாலையில் ஸ்ரீகாந்த் வந்து பார்த்தார். குச்சி மனிதன் நடந்து வந்தான். வெற்றிடத்தைத் தடவினான். திரும்பினான்.

முகமில்லாத வெறும் வட்டம்தான். ஆனாலும் யாரைப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

"அழிச்சுடும்மா." அந்தக் குரலில் மைக் இல்லை.

அழித்தாள்.

"அவன் கவனக்குறைவுதான்னு அதிகாரிகிட்ட நானே பேசிக்கிறேன்." சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பட்டறைக்குள் கிளம்பினார்.

வலது கால் தாமதமாக ஊன்றியது.

"யக்கா... பாத்துக்கினியா?" என்று மோகன் கிசுகிசுத்தான்.

அடுத்த அடியிலும் தாமதம். பிரஸ் மெஷின் முன்னால் ஸ்ரீகாந்த் நின்றார். கை தானாக எழுந்து, இல்லாத கம்பிவலையைத் தேடித் தடவியது. தடவிக்கொண்டே இருந்தது.

ரேவதி திரையைப் பார்த்தாள். காலி. மறுபடியும் அவரைப் பார்த்தாள். இத்தனை நாள் அவள் கைக்கு வராத கனம், அந்த நடையில் கச்சிதமாக வந்திருந்தது.