மூன்று கட்டங்கள்

குட்டி தூக்கத்தில் பேசுவது அம்மாவுக்குப் புதிதில்லை. பேச்சுக்கு நடுவே விடும் இடைவெளிதான் புதிது. பள்ளிவிட்டு வந்து, காலுறையைக்கூடக் கழற்றாமல், அடித்துப் போட்டது போலக் கட்டிலில் விழும் ஏழு வயது மகள், மழை இருட்டிக்கொண்டு வரும் நாலு மணிக்கு, "ம்ம்" என்பாள். யாரோ ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கும் நேரம் சும்மா இருப்பாள். பிறகு தெளிவாக, "அப்பா லாரி ஓட்டப் போயிருக்காரு" என்பாள். கூடத்தில் முக்காலிமேல் காலை நீட்டிக் கிடந்த அம்மாவுக்கு எழுந்து போய்ப் பார்க்கவும் தெம்பில்லை. நாலு நாளாக இதே கதை.

நூலகத்தில் அவளுக்குத் தகவல் மேசையில் வேலை. யாராவது செல்போனை நீட்டி, "இது உண்மையாம்மா?" என்று கேட்டால், அவள் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுவாள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று இடங்கள் ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் மூன்றிலும் டிக் விழும். அதன்பிறகுதான் பதில் சொல்வாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு 'மூணு கட்டம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் பதில் பொய்த்ததில்லை என்பதால் அந்தக் கேலியில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

சனிக்கிழமை புருஷனுக்குப் போன் போட்டாள்.

"யாரோ கேக்குறதுக்குப் பதில் சொல்ற மாதிரி குட்டி விட்டு விட்டுப் பேசுறா. எனக்கு மனசே சரியில்ல."

"நீ தூக்கத்துல என்னைத் திட்டலையா? அது அவளுக்கும் வந்திருக்கு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வந்துடுறேன். அதுவரைக்கும் நெட்ல கேட்டுப் பாரேன், ஊருக்கே தேடிக் கொடுக்குற ஆளு."

கேட்டாள். அதிலும் அவள் கெட்டிக்காரி. பொய்ப் பெயர், புது மின்னஞ்சல், படம் கிடையாது, ஊர் கிடையாது. ஆனால் ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் ஒரு ஈயும் பதில் சொல்லாது. அதனால் மூன்று தளங்களில் மூன்று துளி மட்டும் சொன்னாள். பெற்றோர் தளத்தில் குழந்தையின் வயது. தூக்கக் கோளாறு பற்றிய தளத்தில், அறைக்குக் காற்று வருமா என்று கேட்டார்கள். மூன்றாவது மாடி, கடைசி வீடு, ஜன்னல் அந்த மாடியின் பொது வராந்தாவைப் பார்த்தது என்றாள். தாய்மார்கள் தளத்தில், துணைக்கு யாருமில்லையா என்று கேட்டார்கள். கணவர் வெள்ளிக்கிழமைதான் வருவார் என்றாள். எந்த ஓர் இடத்துக்கும் முழுக்கதை தெரியாது. இதை நினைத்து அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

பதில்கள் வந்தன. பெற்றோர் தளத்தில் மூன்று பிள்ளை பெற்ற ஒருத்தி, தூக்கத் தளத்தில் ஒரு நர்ஸ், தாய்மார்கள் தளத்தில் ஓய்வுபெற்ற டீச்சர். மூவரின் பழைய பதிவுகளையும் தோண்டிப் பார்த்தாள். வருஷக்கணக்காக எழுதுகிறவர்கள், மருந்து விற்கவில்லை, யாரையும் பயமுறுத்தவில்லை. சொன்னதும் ஒன்றேதான்: நடுவில் எழுப்பாதீர்கள், பேசும்போது உள்ளே போகாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், தானாக நின்றுவிடும். மின்கட்டண உறையின் முதுகில் மூன்று கட்டம் போட்டு, மூன்றிலும் டிக் அடித்தாள். அப்பாடா என்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை குட்டி படுத்ததும், எப்போதும் சாத்தியே கிடக்கும் ஜன்னலைத் திறந்தாள். இரும்புக் கம்பி போட்ட ஜன்னல், ஒரு பூனைகூட நுழைய முடியாது. அறைக் கதவை ஒருக்களித்துவிட்டுக் கூடத்தில் வந்து முக்காலிமேல் காலை நீட்டினாள். மழைத்தூறலின் சத்தமும், மேல்வீட்டுத் தண்ணீர்க் குழாயின் முனகலும், நனைந்த சிமெண்ட் வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து அவள் கண்ணை இழுத்தன. அதற்கு அடியில், ஈரத்துணியை நாள்கணக்கில் சுருட்டி வைத்தது போல ஒரு நாற்றம் மெல்ல வந்து தங்கியதை அவள் தூக்கக் கலக்கத்தில்தான் கவனித்தாள்.

"ம்ம்," என்றாள் குட்டி.

இடைவெளி.

"அம்மா வெளியதான் இருக்காங்க."

இடைவெளி. இந்தத் தடவை நீளமானது.

"வர மாட்டாங்க. வரக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அம்மாவுக்குத் தூக்கம் பறந்தது. எழப் போனவளை அந்த டிக்குகள் உட்கார வைத்தன. மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். மனசைத் தேற்றிக்கொள்ள மறுபடி அந்தப் பதில்களைத் திறந்தாள்.

நர்ஸ் எழுதியிருந்தாள்: ஏழு வயதில் இது சகஜம்.

வயதை அவள் நர்ஸிடம் சொல்லவில்லை.

டீச்சர்: மூன்றாவது மாடி என்றால் நல்ல காற்று வரும்.

மாடியை டீச்சரிடம் சொல்லவில்லை.

மூன்று பிள்ளைக்காரி: உங்கள் கணவர் வெள்ளிக்கிழமை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எத்தனை தடவை படித்திருப்பாள் இதையெல்லாம். அசதி. சொன்னது பொருந்துகிறதா என்று மட்டுமே பார்த்தாள். எப்படித் தெரிந்தது என்று பார்க்கவில்லை. மூன்று இடமில்லை. ஒரே இடம்.

முக்காலியை உதைத்துவிட்டு ஓடினாள்.

ஒருக்களித்து வைத்த கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். நகரவில்லை.

உள்தாழ்ப்பாள்.

அது கதவின் மேல்மூலையில் இருக்கிறது. முக்காலி போட்டு ஏறினால்தான் குட்டிக்கு எட்டும்.

முக்காலி கூடத்தில் உருண்டு கிடந்தது.

"குட்டி! கதவத் திறடா! கண்ணு, அம்மாடா!"

தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். கதவிடுக்கில் அந்த ஈர நாற்றம்.

கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. நர்ஸின் தளம். புதுக் கேள்வி ஒன்று. கேட்டவர் பெயர், அவளுடைய பொய்ப் பெயர்.

அம்மா கதவைத் தட்டுகிறாள். எப்படி நிறுத்துவது?

அதன் கீழே, அதற்குள்ளாகவே, மூன்று பதில்கள்.

நர்ஸ்: திறக்காதீர்கள்.

மூன்று பிள்ளைக்காரி: வெள்ளிக்கிழமை வரை வேறு யாரும் வர மாட்டார்கள்.

டீச்சர்: தட்டட்டும். தானாக நின்றுவிடும்.

உள்ளே ஜன்னல் சாத்தப்படும் சத்தம். ஓர் இடைவெளி.

"சரி," என்றாள் குட்டி.