பழசுக்குத் தெரியாத பாதி

தான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியின் சூளைக்குப் பின்னால் நிலவன் பிணமாகக் கிடந்தான். மண்டையில் ஒரே அடி!

அங்கிருந்த கேமரா பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கையும் காணோம். கொன்றவன் யார்? விருத்தாசலம் போலீஸ் ஒன்பது நாளாகத் தேடிக்கொண்டிருந்தது...

நிலவனுடைய அக்கா கனகா அழுது ஓய்ந்து, அன்றுதான் தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் திறந்தாள்.

முதல் ஆளாக வந்தது அவள் புருஷன் கார்முகில். அதே கம்பெனியில் சூப்பர்வைசர். சுடுகாட்டில் மச்சானுக்காக எல்லாரையும்விட அதிகம் அழுதவன். கம்பெனியின் பழைய கம்ப்யூட்டரை மேஜைமேல் இறக்கினான்.

"எடம் நெறஞ்சி போச்சு கனகா. இந்தப் பெரிய டிஸ்க்க மாட்டிக் குடு."

"நாலு டெராபைட்டா? ஏதுங்க?"

"புதுசு. ஆர்டர் போட்டு வந்துச்சு."

ஓரம் உடைந்ததென்று கம்பெனி ஒதுக்கும் கோப்பைகளைப் பொறுக்கி வந்து வீட்டை நிரப்புகிற மனுஷன், புதுசு வாங்கினானா! கனகா மாட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு டெராபைட்தான் காட்டுதுங்க. இந்தப் பழசுக்கு அதுக்கு மேல கண்ணு தெரியாது."

"பாதி போதும். டீ குடிச்சிட்டு வரேன்."

அரைகுறை வேலை கனகாவுக்குப் பிடிக்காது. டிஸ்க்கைக் கழற்றித் தன் புதுக் கம்ப்யூட்டரில் சொருகினாள். முதல் பாதி சுத்தமாகத் துடைத்திருந்தது.

மறுபாதியில்...

வரிசையாகக் கம்பெனிக் கேமராவின் பதிவுகள்!

தம்பி செத்த தேதியைத் திறந்தாள். சூளையின் பின்புறம். நிலவன் கையெடுத்துக் கும்பிடுகிறான். எதிரே இரும்புக் கம்பியோடு...

அவள் கழுத்தில் தாலி கட்டியவன்.

அழக்கூட வரவில்லை. வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் செல்வநாயகிக்குப் போன் போட்டாள்.

கார்முகில் திரும்பி வந்தபோது, திரையில் நிலவன் கும்பிட்டபடியே உறைந்து நின்றான்.

"அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல போட்டுத்தான அழிச்சீங்க?" கனகாவின் குரல் உடைந்தது. "அதுக்குத் தெரிஞ்ச பாதிதான் அழிஞ்சிது."

அவன் முகம் வெளுத்தது. "நான் கம்பெனி சாமான் கடத்துறத பாத்துட்டான். உங்கிட்ட சொல்லிடுவேன்னான்... அப்பறம் உன் மூஞ்சில எப்படி முழிக்கறது கனகா?"

"அவன் சொல்லியிருந்தா உங்ககிட்ட நாலு நாளு பேசாம இருந்திருப்பேன். அவ்ளோதாங்க."

வாசலில் ஜீப் நின்றது. செல்வநாயகி உள்ளே வந்து திரையைப் பார்த்தார். பிறகு கார்முகிலைப் பார்த்தார்.

"டிஸ்க்க ஏன்யா தூக்கிப் போடாம வச்சிருந்த?"

கனகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"ஒடஞ்ச கோப்பையக்கூட தூக்கிப் போடாத மனுஷன் மேடம். என் தம்பி உசுரத்தான் தூக்கிப் போட்டாரு."