பன்னிரண்டாங்கட்டைப் பெரட்டு

தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையில், பன்னிரண்டாவது மைலில், பன்னிரண்டாங்கட்டைத் தோட்டம் இருந்தது. இப்போது தோட்டம் இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து, தொழிலாளிகள் குடியிருந்த லயங்களை இடித்து, தரையைச் சமமாக்கி, காலி கண்டெய்னர்களை ஐந்தைந்தாக அடுக்கி வைக்கும் யார்டாக மாற்றிவிட்டார்கள். பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து டிரெய்லர் ஓட்டி வரும் எங்களைப் போன்றவர்களுக்கு அது இன்னொரு வாசல், இன்னொரு வரிசை, அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஐந்தரை. நேரத்தோடு வந்துவிட்ட லோரிகளை உள்ளே விட்டு ஓரமாக நிறுத்தச் சொல்வார்கள். ஏழு மணிக்கு வாசல் காவலாளி, ஜாகா, கூண்டிலிருந்து வெளியே வந்து, கையிலிருக்கும் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு டிரைவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கை தூக்கினால் கண்டெய்னரை இறக்கிக்கொள்வார்கள். அதுவரை எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணயரலாம்.

நான் கண்ணயர வரவில்லை. என் மகன் சுரேனைத் தேடி வந்தேன்.

பத்தொன்பது நாளாக அவனைக் காணவில்லை. காணாமல் போன இடம் இந்த யார்டு. அதனால்தான் ஆபீசில் சண்டை போட்டு, பன்னிரண்டாங்கட்டைக்கு வருகிற டிரிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தேன்.

அவன் போனது என்னுடைய டிரிப்பில். இருபத்தாறு வருஷம் ஸ்டீயரிங் பிடித்த முதுகு அன்றைக்குப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. அவனும் டிரெய்லர் ஓட்டுகிறவன்தான், அன்றைக்கு அவனுக்கு ஓய்வு நாள். எங்கள் தொழிலில் இது சாதாரணம். சீட்டில் ஒருத்தன் பெயர் இருக்கும், ஓட்டுகிறவன் இன்னொருத்தனாக இருப்பான். ஆபீசுக்குச் சொன்னால் ஆயிரம் கேள்வி வரும்.

"என் லோரியிலயே போடா. உள்ளாற சதாசிவம்னு என் பேரக் கூப்புட்டா, இருக்கேன்னு கை தூக்கு. முடிஞ்சிச்சு," என்றேன்.

"வயசாயிருச்சுன்னு ஒத்துக்கங்கப்பா," என்று சிரித்தபடி சாவியை எடுத்துக்கொண்டு போனான். இருபத்து நாலு வயது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏழு மணிக்கு ஜாகா பெயர் கூப்பிட்டபோது பதில் இல்லை. போய்ப் பார்த்தால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம். கதவு திறந்து கிடந்ததாம். படிக்குக் கீழே அவனுடைய ஸ்லிப்பர் ஜோடியாக இருந்ததாம். போலீசார் நாயைக் கொண்டுவந்து தேடினார்கள். ஆற்றோரம் போய்ப் பார்த்தார்கள். கடைசியில் பொண்ணு விவகாரமா, போதையா என்று என்னையே குடைந்தார்கள்.

என் மனைவி அழுது அழுது ஓய்ந்துபோய் ஒன்றே ஒன்று சொன்னாள். "உங்க பேருலதானே போனான்? உங்க பேருலயே திருப்பிக் கொண்டாங்க."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

யார்டு வாசலில் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், விற்கும் நல்லம்மாள் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். பத்தொன்பது நாளாக என் முகத்தைப் பார்க்காமலே பொட்டலம் கொடுத்தவள், அன்றைக்கு லோரிக் கதவைத் தட்டினாள். பால் கலக்காத தே ஓ பாக்கெட்டை நீட்டினாள்.

"தம்பி, என்னால மனசுல வச்சிக்க முடியலலா. உம்மவன் போன அன்னைக்கு நான் கேட்டேன்."

"என்னாத்தக்கா கேட்டீங்க?"

"பெரட்டு," என்றாள், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு. "வெளிச்சம் வர்றதுக்கு முந்தி இங்க இன்னும் பெரட்டு நடக்குது. பேரு கூப்புடுவாங்க. நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம். அன்னைக்கு உன் பேரக் கூப்புட்டாங்க, தம்பி. உம்மவன் ஜாகாதான் கூப்புடுறான்னு நெனச்சி, இருக்கேன்னுட்டான்."

பெரட்டு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, தோட்டத்துக் கணக்கர், கிராணி, செக்ரோல் என்கிற பெயர்ப்பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். பதில் சொன்னவனுக்கு அன்றைய வேலை. ஒருமுறை என் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் என்று அப்பா அவர் பெயருக்குக் குரல் கொடுத்து மாட்டிக்கொண்டார். கிராணி கெட்ட வார்த்தையில் திட்டி அவரை வரிசையிலிருந்து பிடித்துத் தள்ளி, வீட்டுக்குத் துரத்திவிட்டார். அந்த அவமானத்தை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அது அவமானமாகப் படவில்லை. வழியாகப் பட்டது. ஆள் மாறாட்டம் என்று தெரிந்தால் துரத்திவிடுவார்கள் இல்லையா? என் மகனையும் துரத்தட்டும். திட்டட்டும், அடிக்கட்டும், வெளியே தள்ளட்டும். நான் வாசலில் நின்று ஏந்திக்கொள்கிறேன்.

"தம்பி, எங்க போற? நில்லு!" என்று நல்லம்மாள் பின்னால் கத்தியது காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

கண்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவே ஒரு லோரி போகிற அளவுக்குச் சந்து இருக்கும். அதற்குள் நடந்தேன். மலைப்பக்கமிருந்து இறங்கிய பனி இடுப்புவரை நின்றது. என் லோரியின் விளக்கு பின்னாலிருந்து மங்கலாக வந்துகொண்டிருந்தது. இரும்பும் டீசலும் நாறும் இடம் அது. உள்ளே போகப் போக அந்த நாற்றம் குறைந்து வேறொன்று வந்தது.

ஒட்டுப்பால் நாற்றம்.

ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லாத இடத்தில், மரப்பட்டையில் உறைந்து அழுகிய ஒட்டுப்பாலும் கார்பைடு விளக்குப் புகையும் கலந்து மூக்கில் ஏறின. சின்ன வயதில் அம்மாவின் சேலையில் வரும் நாற்றம்தான். அப்போது அது என்னைப் பயமுறுத்தியதில்லை.

எங்கேயோ, தோட்டங்களில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. பிறகு வாளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்.

பிறகு ஒரு குரல்.

"மாயாண்டி."

"இருக்கேங்கையா."

"ராமாயி."

"இருக்கேங்கையா."

சோர்ந்துபோன, பொறுமையான குரல். ஆபீசில் மத்தியானம் கோப்பு பார்க்கிறவன் குரல். பதில் சொல்கிற குரல்களில் கிழவர்கள் இருந்தார்கள், பெண்கள் இருந்தார்கள். பனிக்குக் கீழே வெறும் பாதங்கள் தெரிந்தன. வரிசை வரிசையாக, சேறு படிந்த பாதங்கள். மேலே முகம் எதுவும் தெரியவில்லை.

"சதாசிவம்."

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"இருக்கேங்கையா."

அது என் சுரேனின் குரல்.

கடைசி வரிசையில் நின்றிருந்தான். யார்டுக்குள் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சுச் சட்டையின் பளபளப்புப் பட்டை என் லோரி வெளிச்சத்தில் மின்னியது. கையில் வாளி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அடப்பாவி மகனே, சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்றுதான் முதலில் தோன்றியது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், எனக்கு அதுதான் தோன்றியது.

"ஐயா!" என்று கத்தினேன். "நான்தாங்கையா சதாசிவம்! இது ஆள் மாறாட்டம்! அவன் நான் இல்ல, அவன விட்டுருங்க!"

எல்லாச் சத்தமும் நின்றது.

பாதங்கள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின.

சுரேன் தலையைத் தூக்கினான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்வேன். சந்தோஷம் இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வாளியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக் காட்டினான்.

எனக்குப் புரியவில்லை. பயந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"நீ சதாசிவமா?" என்றது அந்தக் குரல், கோபமே இல்லாமல். "அப்ப இவன் யாரு?"

"என் மவன்யா."

"பேரு?"

துரத்தப் போகிறார்கள் என்று நம்பினேன். அப்பாவைத் துரத்தின மாதிரி. யாரைத் துரத்துவது என்று கேட்கிறார்கள் என்று நம்பினேன்.

"சுரேன்," என்றேன். "சதாசிவம் மகன் சுரேன், ஐயா."

காகிதத்தில் பென்சில் ஓடும் சத்தம் காதுக்கு அருகில் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

சுரேன் கையைக் கீழே விட்டான். அவன் அழுதான். அப்புறம் குனிந்து, கீழே கிடந்த வாளியை எடுத்துக்கொண்டான்.

தண்டவாளம் மறுபடி ஒலித்தது. வரிசை திரும்பி, பனிக்குள், இல்லாத மரங்களுக்கு நடுவே நடந்தது. நான் ஓடினேன். சுரேன், சுரேன் என்று அலறிக்கொண்டே ஓடினேன். கண்டெய்னர் ஒன்றில் நெற்றி மோதிக் கீழே விழுந்தேன். எழுந்தபோது பொழுது விடிந்திருந்தது. பறவைகள் கத்தின. முன்னால் பச்சையும் நீலமுமாகக் காலிப் பெட்டிகள் அடுக்கடுக்காக நின்றன.

நல்லம்மாள்தான் வந்து தூக்கினாள். நடந்ததைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட பாவி, உம்மவன் பேர நீயே குடுத்துட்டியா! சொந்தப் பேரு அவங்ககிட்ட இல்லாத வரைக்கும் அவன் நம்ம ஆளுலா! பேரு குடுக்காம நின்னவங்கள ஒரு மாசத்துல வெரட்டிவிட்ருக்காங்க. என் தங்கச்சியே அப்படித் திரும்பி வந்தவதான். அதச் சொல்றதுக்குள்ள நீ ஓடிட்டியேலா!"

பத்தொன்பது நாள் என் மகன் பல்லைக் கடித்துக்கொண்டு என் பெயரிலேயே நின்றிருக்கிறான். இன்னும் பதினொரு நாள் நான் சும்மா இருந்திருந்தால் போதும். பெற்றவன் நானே போய் அவனை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என்னை ஏன் விட்டுவிட்டார்கள் என்று கேட்பீர்கள். விடவில்லை. நான்தான் சதாசிவம் என்று கத்தினேனே தவிர, பெயர் கூப்பிட்டபோது இருக்கேன் என்று நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அதுதான் காரணம்.

புந்தோங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியில் என்ன காயம் என்றுகூட அவள் கேட்கவில்லை. சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, மகன் கைத்தொலைபேசிக்கு வழக்கம்போல அழைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை, வெளிச்சம் வருவதற்கு முன்னால், எனக்கு விழிப்பு வந்தது. அறை முழுக்க ஒட்டுப்பால் நாறியது.

வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்திலிருந்து, பொறுமையான அந்தக் குரல் கேட்டது.

"சதாசிவம்."

நான் தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டது.

"சுரேன்."

"இருக்கேங்கையா."

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. "வந்துட்டான்! என் புள்ள வந்துட்டான்!" என்று என் மனைவி பின்கதவை நோக்கி ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைப்பதற்குள் பாய்ந்து அவளை இழுத்து, வாயைப் பொத்தித் தரையோடு அழுத்திப் பிடித்தேன். கடித்தாள், உதைத்தாள். ரத்தம் வந்தது. நான் விடவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"உள்ள ஒரு பொம்பளையாளு சத்தம் கேக்குதே," என்றது குரல். "யாரு அது? பேரு என்னா?"

என் மகன் மூச்சு வாங்குவது மட்டும் கதவு வழியாகக் கேட்டது. அவள் உதைப்பதை நிறுத்திவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுங்கையா," என்றான் சுரேன்.

அம்மாடா, அம்மாடா என்று அவள் உதடு என் உள்ளங்கையில் அசைந்துகொண்டே இருந்தது. நான் கையை எடுக்கவில்லை.