மூடிய வளையம்

கோழி மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றது.

குளியலறையின் ஈரத் தரையில், தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கதவுக்கும் நடுவே, அது கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, வெள்ளை ஓடுகளுக்கு அப்பால் எதையோ கேட்பதுபோல நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் தோட்டம். தோட்டத்தின் கடைசியில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான குட்டைச் சுவரைத் தாண்டினால், அண்ணனின் கோழிக் கொட்டகை. சின்னவன் குழாயை இறுக்கி மூடினான். ஷாம்பூவின் இனிப்பு வாசனையும், நனைந்த இறகிலிருந்து எழும் பழைய கம்பளி வாசனையும் அந்தச் சின்ன அறையில் முகத்தருகே வந்து நின்றன. சொட்டுச் சத்தமும் அடங்கிய பிறகுதான் அவனுக்கும் அது கேட்டது. தகர டப்பாவில் மோதிரம் தட்டும் சத்தம். டிக். பிறகு சேர்ந்தாற்போல, டிக் டிக்.

அண்ணன் அப்படித்தான் தட்டுவார். பொழுது சாயும்போது தீவன டப்பாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு, விரல் மோதிரத்தால் முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு. தோட்டமெங்கும் மேய்ந்துகொண்டிருக்கும் ஆர்பிங்டன் என்ற சீமை இனக் கோழிகள் அத்தனையும், தலையணைக்குக் கால் முளைத்ததுபோல உருண்டு திரண்டவை, குலுங்கிக் குலுங்கி ஓடிப் போய்க் கொட்டகையில் அடையும்.

ஆனால் அண்ணன் மழைக்காலம் தொடங்கியபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். பொழுதும் இன்னும் சாயவில்லை. ஜன்னலில் மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"அண்ணி தட்டியிருப்பாங்க," என்றான் கோழியிடம். கோழி திரும்பவில்லை.

அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கடைத்தெருவில் சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை. இருந்தும் கோழிக் கண்காட்சிக்குப் போனால் அவன் சின்னவன்தான். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் அவனை ஆளாக்கினார், அதை அவர் ஒருநாளும் மறக்கவிட்டதில்லை. கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, நடுவர்கள் சுற்றி நிற்க, தன் கோழிகளை வரிசையாகக் காட்டுவார். "இது நான் வளர்த்தது. அது நான் வளர்த்தது." கடைசியில் தம்பியின் தோளில் கை போடுவார். "இதுவும் நான் வளர்த்ததுதான். கால்ல வளையம் மட்டும் போடல." எல்லோரும் சிரிப்பார்கள். வருஷா வருஷம் அதே வசனம், அதே சிரிப்பு. இரண்டாம் பரிசு ரிப்பனைச் சட்டைப் பையில் மடித்து வைத்தபடி அவனும் சிரிப்பான்.

நாளைக்கு யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

கோழியைத் தூக்கி வெந்நீர்த் தொட்டியில் இறக்கினான். அது திமிறவே இல்லை. ஆர்பிங்டன் அப்படித்தான், கையில் எடுத்தால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதுபோல அமர்ந்துவிடும். நீருக்குள் இறகுகள் பூவாக விரிந்தன. அடி வேர்வரைக்கும் ஒரே பொன்னிறம், எங்கேயும் வெளுப்பில்லை, கறுப்புப் புள்ளி இல்லை. வெயில் பட்டால் அந்த நிறம் மங்கிவிடும் என்று அண்ணன் இதை நிழலிலேயே வைத்து வளர்த்தார். சாவதற்கு முன்னால் அவர் கேட்டது ஒன்றுதான். "இத மட்டும் என் பேர்ல நீ கொண்டு போய் நிறுத்திடு."

கண்டிப்பாக என்று தலையாட்டினான். போன வாரம் இருட்டும் நேரத்தில் கொட்டகைக்குள் போய் இதை எடுத்து வந்து, மரநாய் தூக்கிப்போனதுபோலத் தெரிய ஒரு கைப்பிடி இறகைக் கொட்டகை வாசலில் தூவிவிட்டான்.

வளையம்தான் சிக்கல். அவர்களுடைய கோழி வளர்ப்போர் சங்கத்தில் காலில் வளையம் இல்லாத கோழி மேடை ஏறாது. தகட்டில் வளர்த்தவரின் எழுத்தும் வருஷமும் இருக்கும். எந்த வளையமோ அந்த ஆளின் கோழி, அதற்குமேல் பேச்சில்லை. மூட்டுப் போடாத முழு வளையம் அது. குஞ்சாக இருக்கும்போது கால்விரல்களைச் சேர்த்துப் பிடித்து நுழைத்துவிட வேண்டும். கால் பருத்தபிறகு கழற்றவும் முடியாது, புதிதாக மாட்டவும் முடியாது. அண்ணனின் வளையத்தைக் கடையில் ஃபிரேம் வெட்டும் குறடால் வெட்டிச் சாக்கடையில் எறிந்தான். அவனிடம் அதே வருஷத்து வளையம் ஒன்று மிச்சம் இருந்தது. எண்ணெய் தடவினான். விரல்களை ஒன்றாக நெருக்கிப் பிடித்துத் திருகித் திருகி ஏற்றினான். ஒரு நகம் கையோடு வந்தது. கோழி சத்தம் போடவில்லை. அவனையே பார்த்தது. அவ்வளவுதான்.

இப்போது வளையத்துக்கு மேலே கால் வீங்கி, தொட்டால் சுட்டது. நாளை ஒரு பொழுது தாங்கினால் போதும். அதன்பிறகு கால் போனால் போகட்டும்.

வலது கணுக்காலில் ஏதோ ஊறியது. எறும்பாக இருக்கும் என்று இன்னொரு காலால் தேய்த்துவிட்டான்.

வினிகர் கலந்த கடைசித் தண்ணீரில் கோழியை முக்கி எடுத்துத் துண்டில் சுற்றியபோது மனைவி மகள் வீட்டிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"என்ன, அந்த ராணியம்மாவைக் குளிப்பாட்டியாச்சா?"

"ஆச்சு. இனி காய வைக்கணும்."

"என் டிரையரைத் தொட்டீங்கன்னா வந்து பேசிக்கறேன். போன தடவை என் தலையெல்லாம் கோழி வாசம். பேத்தி கேக்கறா, பாட்டி நீ முட்டை போடுவியான்னு."

அவன் சிரித்தபடி கூடத்துக்கு நடந்தான்.

"யாருங்க அங்க?"

"யாரும் இல்லையே. ஏன்?"

"கொலுசுச் சத்தம் கேட்குது. நீங்க நடந்தா கேட்குது. இப்ப நின்னுட்டீங்க, நின்னுடுச்சு."

அவன் கீழே குனிந்து பார்க்கவில்லை. "தொட்டி இடிச்சிருக்கும்," என்றான். போனை வைத்தபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். வீடு அமைதியாக இருந்தது. ஓர் அடி எடுத்து வைத்தான்.

டிக்.

டிரையரின் வெப்பக் காற்றில் கோழி பொம்மையைப் போல உப்பிக்கொண்டு வந்தது. கொண்டைக்கு எண்ணெய் தொட்டு வைத்தான். இவ்வளவு அழகான பறவையை அவன் வாழ்நாளில் கையில் வைத்திருந்ததில்லை. இறகுக்குள் விரலை விட்டால் மணிக்கட்டுவரை புதைந்தது. உள்ளே கதகதப்பு. அதற்கும் உள்ளே, மெதுவாக, அவசரமே இல்லாத ஓர் இதயம். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் வலது கால் கனத்தது, செருப்பு வார் இறுக்கியதுபோல வலித்தது. அவன் காலில் செருப்பு இல்லை.

சுவருக்கு அப்பால் மறுபடி டிக். டிக் டிக்.

பின்கதவைத் திறந்து தோட்டத்துக்கு வந்தான். வெயில் மஞ்சளாக இறங்கியிருந்தது. குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் டப்பா இல்லை.

"என்ன சின்னவனே, காலை இழுத்து இழுத்து வர்ற?"

"சுளுக்கு. அண்ணி, நீங்க இப்ப டப்பா தட்டினீங்களா?"

"நான் எதுக்குத் தட்டணும்? அவர் போனதுலேர்ந்து நான் அதைத் தொடல. அதுகளா வருது, அதுகளா அடையுது." ஒரு சட்டையை உதறினாள். அண்ணனுடைய சட்டை. இன்னும் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் கண்காட்சி இல்ல?"

"ஆமா. என்கிட்ட இருக்கறதுல ஒண்ணைக் கொண்டுபோறேன். சும்மா, பேருக்கு."

"உங்க அண்ணனோடது இருந்திருந்தா."

"விடுங்க அண்ணி. மரநாய்க்கு நல்லது கெட்டது தெரியுமா?"

அண்ணி சட்டையின் கையை மடித்து, தடவி, அதன்மேல் இன்னொரு கையை மடித்தாள்.

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். தாழ்ப்பாளைத் திறந்து உள்ள போச்சு, சரி. கோழியைத் தூக்குச்சு, சரி. போகும்போது கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் போயிருக்கு பாரு. ரொம்ப நல்ல வளர்ப்பு."

அவன் தன் கையைப் பார்த்தான். கொட்டகையை விட்டு வெளியே வந்தால் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போகும். ஐந்தாறு வயதில் ஒருநாள் திறந்து போட்டுவிட்டு வந்ததற்கு அண்ணன் முதுகில் வைத்த அறை அது. அந்த இருட்டில், கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டும், தாழ்ப்பாளைப் போட்டிருக்கிறான்.

"நான் சாபம் எல்லாம் விடல," என்றாள் அண்ணி. குரலில் கோபமே இல்லை. "எடுத்தது திரும்பி வரணும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லியிருக்கேன். கோழியைச் சொல்லல. அதைத் தூக்கிட்டுப் போனதைச் சொல்றேன்."

துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்டான். டிக், டிக், கூடவே வந்தது. குளியலறையில் கோழி அவனுக்கு முகம் காட்டி நின்றது. இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றது. வீக்கம் இல்லை. போன நகம் இருந்த இடத்தில் நகம் இருந்தது. அவன் போட்ட வளையம் தரையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தான். வெட்டில்லை, நெளிவில்லை. முழுசாக இருந்தது.

ஜன்னல் சிவந்து, மங்கத் தொடங்கியது.

தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். வேட்டியை விலக்கினான். பார்க்காமல் இருக்க முடிந்தவரை இருந்தான்.

பிறகு பார்த்தான்.

கணுக்காலுக்குச் சற்று மேலே சதை இரண்டாகப் பிதுங்கியிருந்தது, பருத்துவிட்ட மரத்தில் எப்போதோ கட்டிய கம்பிபோல. பிதுங்கலின் அடியில் வெள்ளை உலோகம். மூட்டு இல்லை. தோல் அதன் ஓரங்களில் ஏறி மூடி, காய்த்து, வழவழத்திருந்தது. நேற்று வந்ததல்ல. சின்ன வயதில் மாட்டி, கூடவே வளர்ந்தது. விரலால் தடவினான். எழுத்துகள் தட்டுப்பட்டன. அண்ணனின் எழுத்து. பக்கத்தில் வருஷம்.

அவன் பிறந்த வருஷம்.

குறடை எடுத்தான். தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே அதன் வாய் நுழையவில்லை. அழுத்தினான். ரத்தம் வந்தது. இன்னும் அழுத்தினான். உலோகத்தில் ஒரு கீறல் விழவில்லை. கோழி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

டிக். டிக் டிக்.

இந்தத் தடவை கால் முதலில் எழுந்தது. அவன் அதன் பின்னாலேயே எழுந்தான்.

கதவு நிலையைப் பிடித்தான். கை வழுக்கியது. கூடம். சமையலறை. பின்கதவு. தாழ்ப்பாளைத் திறந்தது அவன் கைதான். கோழி முன்னால் ஓடியது, குலுங்கிக் குலுங்கி. தோட்டமெங்கும் அண்ணனின் கோழிகள் மேய்வதை விட்டுவிட்டு ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே அவனும். குட்டைச் சுவரை எப்படித் தாண்டினான் என்று தெரியவில்லை.

கொட்டகை வாசலில் அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினமும் நிற்பதுபோலத்தான் நின்றாள். ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது எண்ணுவதுபோல உதடு அசைந்தது. பொன்னிறக் கோழி நுழைந்தபோது குனிந்து அதன் முதுகை ஒருமுறை தடவினாள். அவன் நுழைந்தபோதும் உதடு அசைந்தது.

"அண்ணி," என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

உள்ளிருந்து கோழிகள் பதில் சொன்னன. தங்களில் ஒன்றுக்குச் சொல்வதுபோல.

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. வைக்கோல் தூசி, எச்சத்தின் காரம், இறகுச் சூடு. கம்பில் அவை நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. பொன்னிறக் கோழிக்குப் பக்கத்தில் மட்டும் இடம் விட்டிருந்தது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு.

அங்கே ஏறி உட்கார்ந்தான். கால்விரல்கள் கம்பைச் சுற்றி மடங்கி இறுகின. விரிக்கப் பார்த்தான். விரியவில்லை.

வெளியே அண்ணியின் காலடி வீட்டுப் பக்கமாகப் போய் மறைந்தது. இருட்டு முழுதாக வந்தது.

அண்ணன் விளக்கில்லாமல்தான் வருவார். கோழிகள் அடைந்தபிறகு, கம்பின் ஒரு கோடியிலிருந்து ஒவ்வொன்றாக, மார்புக்கு அடியில் கையை விட்டு எடை பார்ப்பார். அந்தக் கை அப்படியே காலுக்கு இறங்கும். வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும். பிறகு அடுத்தது.

கம்பின் அந்தக் கோடியில் ஒரு கோழி தூக்கத்தில் முனகியது.

அதற்கு அடுத்தது முனகியது.

அதற்கு அடுத்தது.

பக்கத்தில் பொன்னிறக் கோழி மெல்ல எழுந்து, இடம் கொடுத்து, மறுபடி அமர்ந்தது. வரிசையாக நெருங்கி வந்த வளையச் சத்தம் நின்றது. அவன் மூச்சை நிறுத்தினான்.

காய்ந்த, கதகதப்பான ஓர் உள்ளங்கை அவன் நெஞ்சுக்கு அடியில் வந்து படிந்தது. கொஞ்சம் தூக்கி, எடை பார்த்தது. பிறகு இறங்கியது.

"இதுவும்," என்றது இருட்டு, "நான் வளர்த்ததுதான்."

இரண்டு விரல்கள் கணுக்காலில் வளையத்தைத் தேடிப் பிடித்து, சதையோடு சேர்த்து, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றின.